காற்றுத் துப்பாக்கியும் கச்சான் காலத்துத் தேயிலையும்

எலிப் புழுக்கைக்கும் நன்றாகச் சுருண்டு காய்ந்த முதல் தரத் தேயிலைக்கும் உருவத்தில் பெரிய வேற்றுமை கிடையாது. இரண்டும் கறுப்பு, இரண்டும் நீளம், இரண்டுக்கும் முனை கூர்மை. சீமையிலே இதை உறிஞ்சிக் குடித்துச் சிலாகிக்கிறவர்கள் இந்த உண்மையை அறியாமலிருப்பது வியாபாரத்துக்கு நல்லது. எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இலங்கையில் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் டீமேக்கராக இருந்தேன். கொழுந்து வந்து இறங்குவது முதல் தூளாகிப் பெட்டியில் அடைபடுவது வரை எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. சலித்த தேயிலையில் பெண்கள் உட்கார்ந்து குச்சி பொறுக்குவார்கள். குச்சி ஒரு பக்கம், புழுக்கை ஒரு பக்கம். இன்றைக்கு எது ஜெயிக்கும் என்று அவர்களுக்குள் பந்தயமே நடக்கும்.

எலி தேயிலையைத் தின்பதில்லை. அதற்கும் ருசி உண்டு. பெட்டிக்குள் ஈயத்தாள் ஒட்டுவதற்குக் காய்ச்சும் மாவுப் பசைக்காகத்தான் அது ஆலைக்குள் வருகிறது. வயிறு நிறைந்தபின் போகிற வழியில் எங்கள் சரக்கின் மேல் தன் கடனைக் கழித்துவிட்டுப் போகிறது.

எங்கள் ஊவா மலைப்பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு பருவம் கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு அடிக்கும். அப்போது பறிக்கிற கொழுந்துக்கு வேறெங்கும் இல்லாத ஒரு மணம் உண்டு. வருஷம் முழுக்க நாங்கள் செய்வது வெறும் தேயிலை. அந்தச் சில வாரங்களில் செய்வதுதான் தோட்டத்தின் பெயர். பருவம் தொடங்குகிற அன்று தோட்டத்தை நடத்தும் துரை ஆலைக்கு வந்தார். புழுக்கைக் குவியலைக் கைத்தடியால் கிளறிப் பார்த்தார்.

"டீமேக்கர், இந்த சீசன் டீ கெட்டா நீ பெட்டி கட்டு. ஊருக்குப் போ. தெரியுமா?"

தெரியும். எனக்கு ஊர் என்று இருந்தது ஆலைக்கு மேலே இருந்த உத்தியோக வீடுதான். அதில் மனைவியும் நாலு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களை எந்தப் பெட்டியில் கட்டுவது என்று துரை சொல்லவில்லை.

எலியை ஒழிக்க உலகத்தார் கண்ட வழிகள் எதுவும் எங்களுக்கு உதவாது. பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் தேயிலை அதைக் குடித்துவிடும். பூனை வைத்தால் பூனை நாறும். பொறிக்குள் கருவாடு வைத்தால் கருவாடு நாறும். விஷம் வைப்பதை நினைக்கவே கூடாது. வெடிமருந்துத் துப்பாக்கியோ சுட்ட பிறகு வெகு நேரம் வெடி நாற்றம் அடிக்கும். இந்த விஷயத்தில் நான் கொடுங்கோலன். சலிக்கும் அறைக்குள் சுருட்டு இல்லை, வெற்றிலை இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை. கொண்டையில் மல்லிகை வைத்து வந்த பெண்ணை வாசலிலேயே நிறுத்தி, பூவைக் கழற்றி வெளியே எறிந்துவிட்டு வரச் சொல்லுவேன்.

மிஞ்சியது காற்று. காற்றுக்கு வாசனை கிடையாது.

எனக்கு முன்னிருந்தவர் ஒரு காற்றுத் துப்பாக்கியை விட்டுப் போயிருந்தார். குழலை நடுவில் மடித்தால் உள்ளே சுருள்வில் அமுங்கும். விசையை இழுத்தால் அது விரிந்து காற்றைத் தள்ளும். காற்று ஈயக்குண்டைத் தள்ளும். இது சாஸ்திரம். நடைமுறையில், அதன் சுருள்வில் பென்ஷன் வாங்கும் வயதைத் தாண்டியிருந்தது. காற்றை அடைக்கும் தோல் வளையம் அப்பளமாகிப் போனதால், நான் காலில் போட்டுத் தேய்த்த பழைய சப்பாத்தின் நாக்கை அறுத்துப் புது வளையம் செய்து போட்டேன். அதன் பிறகு துப்பாக்கி தும்மல் போல ஒரு சத்தம் போட்டது. முன்பு பெருமூச்சுதான் விட்டது. குண்டு போவது கண்ணுக்குத் தெரியும். ஒருநாள் உத்திரத்தின் மேலிருந்த ஒரு கிழட்டு எலியின் விலாவில் சரியாகப் பட்டது. அது திரும்பி, பட்ட இடத்தைச் சொறிந்துகொண்டு, என்னைப் பார்த்தது. 

பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இன்னொருக்கா சுடுங்க ஐயா," என்றாள் ஒருத்தி. "அதுக்கு முதுகுல அரிக்குது போல."

அந்த ஞாயிற்றுக்கிழமையே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு வண்டி ஏறினேன். கடைவீதியில் இரும்புச் சாமான் விற்கும் முஸ்லிம் முதலாளி என்னைப் பல வருஷமாக அறிந்தவர். அதனால் மரியாதை காட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

"என்ன ஐயா, கம்பு ஊண்டுற வயசு வந்திட்டா?"

"துப்பாக்கி, முதலாளி."

"அப்பிடியா! சொல்லியிருந்தா பயந்திருப்பேனே." வாங்கி மடித்துப் பார்த்தார். குழல் பழைய குடை போல ஆடிற்று. "ஸ்பிரிங் செத்து மௌத்தாப் போயி கனகாலம் ஐயா. நீங்க மையத்தத் தூக்கிக்கிட்டுத் திரியிறீங்க."

உள்ளே போய் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டு வந்து பலகை மேல் வைத்தார். பலகை முனகியது. கட்டை தடிப்பு, குழல் தடிப்பு, மடிக்க முயன்றால் தொடையில் ஊன்றி, வயிற்றால் அழுத்தி, குலதெய்வத்தையும் துணைக்கு அழைக்க வேண்டும். முதலாளி கொல்லைப்புறத்தில் ஒரு தகரக் குவளையை வைத்துச் சுட்டுக் காட்டினார். குவளை சுருண்டு பக்கத்து வீட்டு வளவில் விழுந்தது.

"எலிக்கு மட்டுமில்ல, எலிட வாப்பாக்கும் சேத்துத்தான் இது."

"பழையதை எடுத்துக்கொள்ளுகிறீர்களா?"

"எனக்கென்னத்துக்கு?" என்று யோசித்தார். "சரி, வச்சிட்டுப் போங்க. கடைக் கதவுக்குக் குறுக்கால போட ஒரு கட்டை இல்லாம இருக்கு."

புதுத் துப்பாக்கியோடு வண்டியில் திரும்பும்போது என் முகத்தில் ஒரு சேனாதிபதிக் களை இருந்திருக்க வேண்டும். வண்டிக்காரன் வழிநெடுக என்னிடம் பேசவில்லை.

மறுநாள் பெண்கள் சோற்றுக்குப் போனபின் சலிக்கும் அறையில் தனியாக நின்றேன். உத்திரத்தில் அதே கிழடு வந்து உட்கார்ந்தது. சொறிந்து விடுவேன் என்று எதிர்பார்த்ததோ என்னவோ, ஓடவில்லை. சுட்டேன். ஒரு சத்தமுமில்லாமல் சரிந்து, தேயிலைப் பெட்டகத்துக்குப் பின்னால் விழுந்தது.

அந்தப் பெட்டகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சலித்த தேயிலையைப் பெட்டிகளில் அடைக்கும்வரை கொட்டி வைக்க, முற்றிய பலாப் பலகையில் சுவரோடு சேர்த்து அடித்த பெரிய தொட்டி அது. துரையே அளவு சொல்லிச் செய்வித்தது. விருந்தாளி யார் வந்தாலும் அதைத் தட்டிக் காட்டாமல் அனுப்பமாட்டார். அதற்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையாத ஓர் இடைவெளி. அங்கேதான் எலி போய்ச் சேர்ந்தது. அதை எடுக்கவேண்டுமானால் பலகையைப் பெயர்க்க வேண்டும். துரையோ குதிரைப் பந்தயம் பார்க்க நுவரெலியாவுக்குப் போயிருந்தார். அவர் இல்லாதபோது அவர் பெட்டகத்தில் கை வைப்பதைவிட அவர் குதிரையில் ஏறிப் பார்ப்பது பத்திரம்.

பழைய துப்பாக்கியில் பிணம் என்ற பிரச்சினையே எழுந்ததில்லை. ஆகையால் அதை எங்கே போடுவது என்று நான் யோசித்ததும் இல்லை. அடுப்புச் சூடும் கச்சான் காற்றும் சேர்ந்து கருவாடாக்கிவிடும் என்று சமாதானம் செய்துகொண்டேன். சமாதானத்தோடு நிற்காமல் அந்த வாரம் முழுக்கச் சுட்டேன். எலிகளின் பாதை அந்த உத்திரந்தான். விழுகிற இடமும் அந்த இடைவெளிதான்.

பிறகு நாற்றம் வந்தது. முதலில் இனிப்பாக, ஏதோ பழம் கனிந்தது போல. அடுத்து அது தொண்டைக்குள் இறங்கி, சோற்றில் உட்கார்ந்து, மீசையில் குடியேறியது. பெட்டகத்தின் அடிப்பலகை மூட்டிலிருந்து வெள்ளைப் புழு ஒன்று நிதானமாக வெளியே வந்து, பருவத் தேயிலையை நோக்கி நடந்தது. அதைக் காலால் நசுக்கிவிட்டு நிமிர்ந்தால் பெண்கள் எல்லோரும் மூக்கைச் சேலையால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

"ஐயா, மல்லியப்பூவக் கழட்டி வீசச் சொன்னீங்களே. அது தேவலையா, இது தேவலையா?"

"சும்மா இருடி," என்றாள் அடுத்தவள். "இது சீசன் வாசம். ஐயாவுக்குத் தெரியாததா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தால் நாற்றம் உள்ளே போகும் என்பதால் பேசாதிருந்தேன். அன்றே பெட்டகத்தைக் காலி செய்யத் தீர்மானித்து, பெட்டிகளைத் தயாராக்கச் சொல்லிவிட்டு, குளித்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

ஆலையின் காவல்காரர் நல்ல மனுஷர். என்மேல் அன்புள்ளவர். பிள்ளை பெற்ற அறையானாலும், சாவு விழுந்த வீடானாலும், கெட்ட வாடை என்றால் எங்கள் ஜனங்களுக்கு ஒரே பரிகாரம்தான் தெரியும். நான் திரும்பி வந்தபோது சலிக்கும் அறையின் எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. கதவைத் திறந்தேன். புகை மேகமாக வெளியே புரண்டது.

"நல்ல சாம்பிராணியா பாத்து, நாலு சட்டியில போட்டேனுங்க," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "புகை வெளிய போயிராம இறுக்கி மூடிட்டேன். இப்ப ஒரு நாத்தமும் இல்லீங்க ஐயா."

பெட்டகத்தில் அந்த வாரத்துத் தேயிலை அத்தனையும், மூடியில்லாமல், திறந்த வாயோடு கிடந்தது.

மறுநாள் துரை வந்துவிட்டார். ருசி பார்க்கிற மேசையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து ஊற்றினேன். அவர் கரண்டியால் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, பித்தளைச் சட்டியில் துப்பினார். அடுத்த கோப்பை. துப்பினார். அடுத்தது. கரண்டியைக் கீழே வைத்தார்.

"டீமேக்கர். யாரு செத்தது?"

"எலிங்க, துரை."

"எலிக்கு சாமி கும்பிட்டியா?"

சொன்னேன், எல்லாவற்றையும். அவர் முகம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது. கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"குடி."

ஒரு வாய் எடுத்துக்கொண்டு பித்தளைச் சட்டியைத் தேடினேன். அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"துப்பாதே. குடி."

குடித்தேன். வரிசை முழுக்க. செத்த எலியும் சாம்பிராணியும் வெந்நீரில் ஒன்றுசேர்ந்தால் என்ன ருசி என்பதை இந்த உலகத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவன் இல்லை. கம்பி வலைக்கு வெளியே பெண்கள் நின்றிருந்தார்கள், அவர்களும் சிரிக்கவில்லை. துரை துப்பினார், நான் விழுங்கினேன். தோட்டத்தில் எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

பலகையைப் பெயர்த்தார்கள். உள்ளே இருந்ததை அடுப்புக் குறட்டால் நானே எடுத்தேன். சில முழுதாக வந்தன. தேயிலையைக் கூடை கூடையாகச் சுமந்து போய் உரக்குழியில் கொட்டினோம். அந்த வருஷத்து மணம் எல்லாம் கச்சான் காற்றில் பறந்து எங்கள் கண்ணிலேயே விழுந்தது.

குழியண்டை துரை வந்து நின்றார். பெட்டி கட்டச் சொல்லப் போகிறார் என்று கைகட்டி நின்றேன். அவர் மலையைப் பார்த்தார். கொழுந்து நிறைந்து கிடந்தது. நடுப் பருவத்தில் இன்னொரு டீமேக்கருக்கு எங்கே போவார்?

"நாளைக்கு கொழுந்து வரும். இரு," என்றார்.

இருந்தேன். அந்தப் பருவம் முடியும் வரை ஒவ்வொரு காலையும் மேசையில் கோப்பைகள் வரிசையாக நிற்கும். துரை கரண்டியை என்னிடம் நீட்டி, "நீ முதல்ல," என்பார். பித்தளைச் சட்டி அவர் காலடியிலேயே இருக்கும். ஒருநாள்கூட அதை என் பக்கம் தள்ளவில்லை.