வெள்ளிப்பேயிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்

போன ஜனவரியில் நான் எழுதிய வெள்ளிப்பேய்ப் பதிவு நினைவிருக்கிறதா? இந்த வலைப்பூவில் அதிகம் பேர் படித்தது அதுதான். சிவகாசிப் பக்கம் ஒரு பழைய கல்குவாரி. மழைத் தண்ணீர் நிறைந்து, பாறையெல்லாம் மயில், தண்ணீரெல்லாம் அல்லி. சாயங்காலமானால் உடம்பெல்லாம் வெள்ளியாக மின்னும் ஒருத்தி அங்கே இறங்குவாள், குவாரியில் விழுந்து செத்தவள் என்று டீக்கடையில் சொன்னார்கள். எதிர்க்கரையிலிருந்து நானும் பார்த்தேன். பார்த்த கையோடு ஒரு கிலோமீட்டர் ஓடினேன். ஊர் திரும்பியதும் வழி, பேருந்து நேரம், பேய் வரும் நேரம் எல்லாவற்றையும் வழக்கம்போலத் துல்லியமாக எழுதி வைத்தேன்.

நவம்பரில் அதற்கு ஒரு பின்னூட்டம் வந்தது: "நீங்கள் எழுதிய பேய் என் அக்கா. ஞாயிறு தவிர எந்த நாளும் மாலை நான்கு மணிக்கு வந்தால் பேசலாம். எஸ்தர், ஆசிரியை."

அந்தப் பதிவை இப்போது அழித்துவிட்டேன். ஏன் அழித்தாய் என்று திட்டுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, மதுரையில் காலை பத்தரைக்குப் பேருந்து ஏறினேன். சிவகாசிக்கு இரண்டு மணி நேரம், இருபத்தாறு ரூபாய். அளவுச் சாப்பாடு இருபது ரூபாய், ரசம் பிரமாதம். அங்கிருந்து ஐந்து ரூபாய் டிக்கெட்டில் ஓர் ஊர். எந்த ஊர் என்று கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன்.

எஸ்தர் டீச்சர் ஆட்டோவோடு நின்றிருந்தார். ஓட்டுநர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பேயப் பாக்க வந்தீகளா அண்ணாச்சி? இந்த வருசம் முப்பது சவாரி ஏத்திட்டேன். டீச்சர் சொன்னப்பறம் விட்டுட்டேன். ஒங்களோட சரி."

குவாரிப் பாறைக்கு இந்தப் பக்கமே ஆட்டோ நின்றது. நான்கு பத்துக்கு, பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்து ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி முகம், கை, தலைமுடி எங்கும் அப்பியிருந்தது. வெயில் பட்டு மின்னியது. முன்னால் வந்தவர் டீச்சரின் அக்கா ரூத். நான் பார்த்த பேய்.

"அன்னைக்கு ஓடுனது நீங்கதானா? நல்லா ஓடுனீக."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"பேய்க்கதையக் கெளப்புனதே நாங்கதான். ஆம்பளைக அண்டாம நிம்மதியா குளிச்சோம். நீங்க எழுதுன பெறகு கேமரா போனும் கையுமா பைக்குல வாரானுக. ஒருநா குளிக்க முடியாம அப்படியே வீட்டுக்குப் போயி அடுப்பப் பத்த வச்சேன்."

வலது கையை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கிக் கிடந்தது.

"சேலைல இருந்த பொடி குப்புன்னு பிடிச்சிருச்சு."

கூனிக் குறுகிப் போனேன். ஒரு பதிவுக்குக் கிடைத்த பாராட்டையெல்லாம் அந்தக் கையில் பார்த்தேன். "மன்னிச்சிருங்கக்கா. பேயே கிடையாதுன்னு எழுதிடறேன்" என்றேன்.

"பேய்ப் பேச்சே வேண்டாம். பேயின்னா படம் எடுக்க வாராக. பொம்பளைக குளிக்கிற எடம்னு எழுதுங்க. கம்பெனிலயே குளிக்கத் தண்ணித்தொட்டி கேட்டு அம்புட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டுருக்கோம். கட்டுற வரைக்கும் இது எங்க எடம். எவன் வாரான்னு பாத்துருவோம்."

அவர்கள் குளித்து வரும்வரை குவாரிக்கு முதுகைக் காட்டி ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். துவைக்கும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. ஐந்தரைக்கு ஈரத்தலையோடு, மாநிறமாகத் திரும்பி வந்தார்கள். ரூத் அக்காவின் ஒரு கையில் தூக்குவாளி. மறு கையில் வேலிக்கருவைக் கம்பு.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் இருக்கன்குடி போய்க் கும்பிடுங்கள், சாத்தூரில் சேவு வாங்குங்கள். பழைய பதிவைப் படித்து வழி தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு: அல்லி பார்க்கக் காலை நேரம் போதும். மாலை நான்கிலிருந்து ஆறு வரை அங்கே பெண்கள் குளிக்கிறார்கள். மீறித்தான் போவேன் என்றால் ஒன்று சொல்கிறேன். பேயிடமிருந்து ஓடித் தப்பித்தவன் நான். அந்தக் கம்போடு ரூத் அக்கா வந்தபோது ஓடக்கூடத் தோன்றவில்லை, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன்.