என் விரலை மதிக்காத டேப்லெட்

மகளுக்கு ஈப்போ பக்கத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. பொட்டலங்களின் மேல் வரும் படம், கடைப் பெயர்ப்பலகை, சுவரொட்டி இவற்றையெல்லாம் வடிவமைக்கச் சொல்லித் தரும் படிப்பு. தேயிலைப் பெட்டியின் மேல் ஒரு பச்சை மலையும் ஒரு கூடையும் இருக்குமே, அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்து அதற்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமாக அந்தப் பெட்டிக்குள் போகிற கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருக்கிறேன், பெட்டியை ஒரு நாளும் சரியாகப் பார்த்ததில்லை.

இடம் கிடைத்த சந்தோஷம் அடங்குவதற்குள் வீட்டில் சண்டை ஆரம்பமாகிவிட்டது. படிப்புக்கு என்ன வாங்குவது, டேப்லெட்டா லேப்டாப்பா என்று.

மகளுக்கு டேப்லெட்தான் வேண்டும். அதில் ஒரு பேனா வருமாம். கண்ணாடி மேலேயே தாளில் வரைவது மாதிரி வரையலாமாம். அவள் சின்னதிலிருந்தே கையில் பென்சில் இருந்தால் வாய் திறக்காத பிள்ளை. எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சுவரில் அவள் கைக்கு எட்டிய உயரம் வரைக்கும் ஒரு காலத்தில் யானையும் பஸ்ஸுமாக இருந்தது. லேப்டாப் என்றால் மவுஸைப் பிடித்து நகர்த்தித்தான் கோடு போட வேண்டும், சோப்புக்கட்டியைப் பிடித்துக்கொண்டு கோலம் போடுவது மாதிரி என்றாள். ஆனால் கல்லூரியிலிருந்து புது மாணவர்களுக்கு அனுப்பிய செய்தியில் லேப்டாப் கட்டாயம் என்று இருந்தது. வகுப்பில் பயன்படுத்தும் மென்பொருள் அதில்தான் ஓடுமாம். அந்த வரியை மட்டும் என் மகள் வேகமாகப் படித்துத் தாண்டிவிட்டாள். நான் கவனித்தேன்.

லயத்துப் பெண்கள் மாதாமாதம் பணம் போடும் கூட்டில், அந்த மாதத்து மொத்தப் பணத்தை எடுக்க என் முறை. அதை வைத்து ஒன்றுதான் வாங்க முடியும். வாங்கியதைக் கொண்டுதான் அவள் படிப்பை முடித்தாக வேண்டும். தப்பானதை வாங்கிவிட்டால் மாற்றிக் கொடுக்க எங்களுக்கு வழியில்லை.

விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் நிற்கும்போது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கங்காணி டேப்லெட் என்றார், அவருடைய பேரப்பிள்ளை அதைக் காட்டினால்தான் சோறு சாப்பிடுகிறதாம். என் நிரையில் பக்கத்தில் கொழுந்து எடுக்கும் அக்கா லேப்டாப் என்றாள், அதை மூடி வைத்தால் மேலே சாமான் வைக்கலாம் என்பது அவள் கணக்கு. என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் இலை காய வைக்கும் இடத்தில் வேலை செய்கிறார். அவர், நீங்க பார்த்துச் செய்யுங்க என்று ஒதுங்கிக்கொண்டார். அவருக்கு லீவும் கிடைக்கவில்லை.

மிஞ்சியது என் தம்பி. கோலா தெர்லாவில் இருக்கிறான், காய்கறி லாரி ஓட்டுகிறான். வாரத்தில் பாதி நாள் ஈப்போவுக்குப் போகிறவன் என்பதால் அவன்தான் எங்களை அழைத்துப் போவதாக ஏற்பாடு. அவனுக்கு இதில் சந்தேகமே இல்லை.

"டேப்லெட்டுங்கிறது மோட்டார் சைக்கிள்க்கா. அழகா இருக்கும், சந்து பொந்துல போவும். லேப்டாப்புதான் லாரி. பாரம் ஏத்தணும்னா லாரிதான் லா."

"மாமா, நான் கோபிஸ் ஏத்தப் போவலை, படிக்கப் போறேன்" என்றாள் மகள்.

"படிப்புக்குப் பாரம் இல்லைன்னு யாரு சொன்னது?" என்றான் அவன்.

விடியும் நேரத்தில் பக்கத்து ஊரான திரிங்காப்பில் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். முன் இருக்கையில் மூன்று பேர். மலையில் இருக்கும்போது போட்டிருந்த குளிர் சட்டையை ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பட்டனாகக் கழற்றிக்கொண்டே இறங்கினேன். வழியெல்லாம் இவர்கள் இருவரும் மோட்டார், லாரி என்று வாதாடிக்கொண்டே வந்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. கோபிஸை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, உடம்பெல்லாம் கோபிஸ் மணக்க அந்தக் குளிரூட்டிய கடைக்குள் நுழைந்தோம்.

எனக்குக் கடைக்குள் போவது என்றாலே கூச்சம். எங்கள் டவுன் கடையில்கூட வேண்டியதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு நிற்பேன், வாய் திறந்து ஒன்றும் கேட்க மாட்டேன். அந்தக் கடையில் எடுத்து வைக்கவும் பயம். எல்லாம் கண்ணாடியும் வெள்ளியுமாக இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு சீனப் பையன்தான் விற்பனைக்கு நின்றான். மலாய் பேசினான், நல்ல பிள்ளையாகத் தெரிந்தான்.

மகள் நேராக டேப்லெட்டிடம் போனாள். பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்தாள், இன்னொரு கோடு, அதற்குப் பின்னால் இன்னொன்று. எங்கள் எஸ்டேட் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவள் முகத்தைப் பார்த்தேன். சுவரில் யானை வரைந்த முகம் அதேதான். இதையே வாங்கிவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் பையன் இன்னொரு டேப்லெட்டை என் பக்கம் திருப்பி, "சுபா லா, ஆன்ட்டி" என்றான். தொட்டுப் பாருங்கள் என்று. வேண்டாம் என்று தலையாட்டினேன், அவன் விடவில்லை. ஆள்காட்டி விரலால் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சட்டையில் விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டேன். சும்மா இருந்தது. மலையில் காலை நேரத்தில் கை மரத்துப்போனால் வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டுதான் கொழுந்தில் கை வைப்போம். பழக்க தோஷத்தில் அந்த ஈப்போ வெயில் ஊரில் விரலை வாய்க்கருகில் வைத்து இரண்டு தடவை ஊதினேன். பையன் ஆச்சரியமாகப் பார்த்தான். ஊதியும் அது அசையவில்லை. அவன் துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு லேசாகத் தொட்டான், உடனே பூப்போலத் திறந்தது. மறுபடி நான் தொட்டேன். கல்.

எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இது பழுதான சாமான். கடைக்காரன் கைக்கு மட்டும் வேலை செய்கிற மாதிரி ஏதோ செய்து வைத்திருக்கிறான். என் கையில் இன்னும் பட்டன் போன்தான். கொழுந்துக் காட்டில் எத்தனை தடவை விழுந்தாலும் எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம் என்று அதையே வைத்திருந்தேன். கண்ணாடிப் போன்களை மகளோ வீட்டுக்காரரோ தட்டித் தருவார்கள், நான் பேசுவேன், அவ்வளவுதான்.

மகளின் கையைப் பிடித்து இழுத்து மெதுவாகச் சொன்னேன், "இது வேணாம் பாப்பா. பழுதான சாமான் மாதிரி இருக்கு."

"நான் வரையிறேனேம்மா, நல்லாத்தான இருக்கு" என்றாள்.

நான் பக்கத்து மேசையில் இருந்த லேப்டாப்பில் ஒரு பட்டனை அமுக்கிப் பார்த்தேன். ஒரு எழுத்து வந்தது. இன்னொன்றை அமுக்கினேன், அதுவும் வந்தது. எறும்பு போவது மாதிரி வரிசையாக வந்தன. "இது நல்லாருக்கு, சொன்ன பேச்சைக் கேக்குது" என்றேன். தம்பி பெருமையாக நிமிர்ந்து நின்றான். மகள் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வரும் வழியில் மாமா என்னைத் தன் பக்கம் இழுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். பேனாவை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, உங்க இஷ்டம் என்று வெளியே போய்விட்டாள்.

பையனிடம் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தோம். ரொட்டி சானாய் வந்தது. மகள் அதைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டிலேயே குவித்து வைத்தாள், வாயில் வைக்கவில்லை. எனக்கும் இறங்கவில்லை. பழுதான பொருளிலிருந்து அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பு ஒரு பக்கம், அவள் பேனாவை வைத்த விதம் ஒரு பக்கம்.

தம்பி மட்டும் நன்றாகச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் பேச போனை எடுத்தான். நடுவிரலை மடக்கி அதன் முட்டியால் டொக்கு டொக்கு என்று தட்டினான். அவன் அப்படிச் செய்வதை முன்பும் பார்த்திருக்கிறேன், ஏதோ ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்.

"ஏன்டா கதவத் தட்டுற மாதிரி தட்டுற?" என்று கேட்டேன்.

"வேற என்னக்கா செய்யிறது? கயிறும் கூடையும் புடிச்சிப் புடிச்சி வெரலு நுனி காச்சுப்போச்சி. இதால தொட்டா போனு என்னைய மனுசன்னே மதிக்க மாட்டேங்குது. கொஞ்சம் ஈரம் இருக்கணுமாம், மெதுவா இருக்கணுமாம்."

நான் என் கையைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் எஸ்டேட்டில் மெஷின் ஏற முடியாத சரிவுகளில் இன்னும் கையால்தான் எடுக்கிறோம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேயிலைக் கறை ஏறிக் கறுத்து, பழைய தோல் செருப்பு மாதிரி இருந்தன. எனக்கு முதலில் வெட்கம் வந்தது, பிறகு சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பொருளைப் பழுது என்று சொல்லி, அந்தப் பையனையும் மனதுக்குள் திட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மகளிடம் சொன்னேன். ஊதினதையும் சொன்னேன். அவள் அதைப் பார்க்கவில்லையாம். அவளுக்கு நம்ப முடியவில்லை. தன் போனை மேசை மேல் வைத்து என் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக அதன் மேல் வைத்தாள். கட்டைவிரல் போகவில்லை. ஆள்காட்டி போகவில்லை. கடைசியில் சுண்டுவிரலுக்குத் திறந்தது.

"ஒனக்கு சுண்டுவெரல் மட்டுந்தாம்மா மனுசி" என்றாள். ரொட்டி போடுகிறவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். அவள் குவித்து வைத்திருந்த ரொட்டியையும் சாப்பிட்டு முடித்தாள்.

ஆனால் சிரித்து முடித்ததும் விஷயம் ஆரம்பித்த இடத்திலேயே நின்றது. டேப்லெட் பழுதில்லை. அப்படியானால் எது? மறுபடி கடைக்குப் போனோம். இந்தத் தடவை மகளே அந்தப் பையனிடம் படிப்பின் பெயரைச் சொல்லி, வகுப்பில் பயன்படுத்தும் மென்பொருள் டேப்லெட்டில் ஓடுமா என்று கேட்டாள். ஓடாது என்றான். அவளுக்கு அது தெரிந்ததுதான். வேறு பதில் வந்துவிடாதா என்று கேட்டிருக்கிறாள். சரி, லேப்டாப்பே எடுத்துக்கலாம்மா என்றாள். சொல்லும்போது கண் பேனா மேலேயே இருந்தது.

பையனுக்கு என் ஞாபகம் இருந்தது. விரலுக்குப் பதிலாக அந்தப் பேனாவை என் கையில் கொடுத்தான். கண்ணாடியில் வைத்து இழுத்தேன். கோடு வந்தது. வளைத்தேன், வளைந்தது. அழுத்தினால் தடித்தது, விட்டால் மெலிந்தது. காலையிலிருந்து என்னைத் திரும்பிப் பார்க்காத சாமான், பேனா வந்ததும் நான் சொன்னதையெல்லாம் செய்தது. அந்தச் சந்தோஷத்தில் கூச்சம் மறந்துபோயிற்று. எனக்குத் தெரிந்த மலாயில், இந்தப் பேனாவை அந்த லேப்டாப்பில் மாட்ட முடியாதா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டது நான் என்று உறைத்தது. மகளும் தம்பியும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தப் பேனா தா போலே, ஆன்ட்டி. தாப்பி..." என்று இழுத்தான் பையன். இந்தப் பேனா முடியாது, ஆனால் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். வரும்போது கையில் கறுப்பாக ஒரு பலகை, பள்ளிக்கூடச் சிலேட் அளவில். அதற்கென்று தனியாக ஒரு பேனா. பலகையின் வயரை லேப்டாப்பில் சொருகினான். பலகையில் கோடு போட்டால் லேப்டாப் திரையில் கோடு வந்தது. லேப்டாப்போடு சேர்த்தாலும் கூட்டுப் பணத்துக்குள் அடங்கும் விலைதான்.

"லாரிக்குப் பின்னால டிரெய்லர் மாட்டுற மாதிரி லா" என்றான் தம்பி.

மகள் உட்கார்ந்து வரைந்தாள். கை கீழே, கண் மேலே. முதல் கோடு குடிகாரன் நடப்பது மாதிரி போனது. இரண்டாவது பரவாயில்லை. சற்று நேரத்தில் அதே மலைகள், ஒன்றன்பின் ஒன்றாக. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இதக் கேக்கணும்னு எப்படிம்மா தோணுச்சி?"

தெரியவில்லை என்றேன். அந்தப் பேனாவைத் திருப்பிக் கொடுக்க எங்கள் இருவருக்குமே மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

வெறும் லாரியில் மலை ஏறினோம். லேப்டாப் பெட்டி என் மடியில், பலகை மகள் மடியில். தம்பி ஒவ்வொரு வளைவிலும், முட்டை ஏற்றினால்கூட இவ்வளவு மெதுவாக ஓட்டியதில்லை என்று அலுத்துக்கொண்டான்.

இப்போது அவள் விடுதியில் இருக்கிறாள். லீவுக்கு வரும்போதெல்லாம் லேப்டாப்பைத் திறந்து பலகையை என் முன்னால் வைத்து, வரை என்பாள். எனக்குக் கண் கையை விட்டு மேலே போக மாட்டேன் என்கிறது. கொழுந்து எடுக்கும்போதும் கையைப் பார்த்தே பழகியவள். போன தடவை இரண்டு இலையும் ஒரு மொட்டும் வரைந்தேன். அவள் அதை எடுத்து லேப்டாப்பின் முகப்புத் திரையில் வைத்துக்கொண்டாள். வகுப்பில் திறந்தால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள், ஏன் கோழிப் படம் வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்களாம். கோழி இல்லை, தேயிலைக் கொழுந்து, எங்க அம்மா வரைஞ்சது என்று சொன்னாளாம். தம்பியும் பார்த்துவிட்டுக் கோழிதான் என்று அடித்துச் சொல்கிறான்.

நானும் உற்றுப் பார்த்தேன். காம்புதான் கால் மாதிரி விழுந்திருக்கிறது. அடுத்த லீவுக்கு அவள் வரும்போது அதைச் சரி செய்துவிட வேண்டும்.