ஐந்து பேர் குறை சொல்ல வேண்டும்

சர்க்கரை கண்ணைப் பிடித்ததிலிருந்து சின்ன எழுத்து எதுவும் எனக்குத் தெரிவதில்லை. குளத்தூரில் தையல் கடை. மிஷினில் கை பழக்கத்தில் ஓடிவிடும். அளவு நோட்டையும் நாடாவையும்தான் படிக்க முடியாது. போனில் ஓர் இலவசச் செயலி இருக்கிறது. கேமராவில் காட்டினால் தமிழில் வாசித்துச் சொல்லும். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். கண் மங்கியது மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் பகலில் மில்லுக்குப் போய்விடுவாள்.

அந்தச் செயலியை யார் யாரோ சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். செயலிக்குப் புதிய திரை வரப்போகிறது, ஒவ்வொரு மொழியிலும் ஐந்து பேர் அதைப் பயன்படுத்திப் பார்த்து எங்கே தடுமாறினார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், அனுப்பாத மொழி இனி செயலியில் இருக்காது என்று அவர்கள் குழுவில் செய்தி வந்தது. தமிழுக்கு யாரும் வரவில்லை. நாலு பேர் கூடினால் வாய் திறக்காத நான், ஆள் சேர்ப்பதாகப் பேசி அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை, தெரிந்தவருக்காக என்று சொல்லி ஐந்து பேரை வீட்டுக்கு அழைத்தேன். மனைவி வடையும் காப்பியும் கொடுத்தாள். சோதிப்பவருக்கு உதவக் கூடாது என்பது விதி. எதிர்வீட்டு அக்கா முயன்றபோது போன் நான்கு முறை 'மீண்டும் முயலவும்' என்றது.

"எங்கயாச்சும் சிக்குச்சாங்கக்கா?"

"அருமையா இருக்கு தம்பி. எனக்குத்தான் அறிவு பத்தல."

எல்லோரும் அப்படியே. மனைவியின் தம்பி சிரித்தான். "வடையத் தின்னுட்டுக் கொறை சொல்லச் சொல்றீங்களே மச்சான். எங்கக்கா நாளைக்குச் சோறு போடுமா?"

ஐந்து 'நல்லா இருக்கு'களை அனுப்பினேன். இது உதவாது, தடுமாறிய இடம் வேண்டும் என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. இந்தச் செல்லு படிச்சாத்தான் அளவே தெரியும். அது எங்க ஒங்களப் படுத்துச்சுன்னு சொல்லுங்க."

"அப்ப என் பொண்ணு கல்யாண ஜாக்கெட்டு?" என்றார். தைக்கக் கொடுத்த துணி என் கடையில்தான் இருந்தது. போனை நீட்டினேன்.

பிறகு போனை வாங்கி ஆத்திரத்தோடு தட்டினார். "கேமரா எங்கிட்டு இருக்குன்னே தெரியல. அமுக்குனா எங்கயோ போயிருது. கண்ணு தெரியாத மனுசன் இத வச்சு என்ன செய்வான்?"

அத்தனையும் அனுப்பினேன். மீதி நான்கு பேரிடமும் போய் என் கண்ணைப் பற்றிச் சொல்லி, அவர்கள் சொன்ன குறைகளையும் அனுப்பினேன்.

தமிழ் இருக்கும் என்று திங்கட்கிழமை செய்தி வந்தது. அன்றைக்கே அக்கா, ஜாக்கெட் துணியைத் திரும்ப வாங்கிவர மகளை அனுப்பியிருந்தார். வெட்டாத அந்தத் துணியை மடித்துக் கொடுத்தேன்.