முடிந்த ஆட்டத்துக்கு ஒரு மெழுகுதிரி

முதலில் ஒரு 'டொக்'. அது மெல்பேர்ணில் சித்தப்பா பதிவுக்கருவியின் பொத்தானை அமத்தும் சத்தம். பிறகு தகரக் கூரையில் மழை, மழைக்குள் அவருடைய இருமல், குசினிப் பக்கமாய்ப் பானை மூடி துள்ளும் ஒலி, இவை எல்லாவற்றுக்கும் பின்னால், கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல, ஒரு மைதானம் நிறைந்த சனத்தின் இரைச்சல். அந்த இரைச்சலின் மேலே, ஏலம் கூறுகிறவனின் வேகத்தில் ஒரு வானொலி வர்ணனையாளர் பேசத் தொடங்கியதும், ஸ்ட்ரெதமில் எங்கள் முன்னறைக் கம்பளத்தில் குப்புறப் படுத்திருக்கும் நான் அம்மாவைப் பார்த்து விரலை உதட்டில் வைப்பேன். எனக்கு அப்போது பத்து வயது. அதிகாரத்தை முதன்முதலாக ருசித்தது அங்கேதான்.

அப்பா லண்டனுக்குக் கணக்கியல் படிக்க வந்தவர். அவருடைய ஒரே தம்பி, என் சித்தப்பா, அதே யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து சில வருடங்களின் பின் நேரெதிர்த் திசையில் புறப்பட்டு மெல்பேர்ணுக்குப் போனவர். கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுததுதான் அவர்களுடைய கடைசிச் சந்திப்பு. அதற்குப் பிறகு எட்டு வருடம் ஓடிவிட்டது. தொலைபேசியில் பேசுவது சாவுக்கும் பிறப்புக்கும் மட்டும் என்றிருந்த காலம். சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதக் கை வராது. ஆகவே 'கசெற்'றில் பேசி அனுப்பினார். பேசவும் விஷயம் தீர்ந்துபோனபோது, கருவியை றேடியோவுக்குப் பக்கத்தில் வைத்து, சனிக்கிழமை உதைபந்தாட்டத்தை, அவுஸ்திரேலியர்கள் தங்களுக்கென்றே உண்டாக்கிக்கொண்ட அந்த வகை ஆட்டத்தை, அப்படியே பிடித்து அனுப்பத் தொடங்கினார். பொதியின் பச்சைச் சுங்கச் சீட்டில் 'குரல் பதிவு, பெறுமதி இல்லை' என்று எழுதியிருப்பார். உத்தியோக வாழ்க்கையில் படிவங்களில் எத்தனையோ பொய்களைக் கண்டவள் நான். மன்னித்தது அந்த ஒன்றைத்தான்.

மெல்பேர்ணில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சித்தப்பாவிடம் ஊர், சமயம், படிப்பு எதையும் விசாரிக்காமல், எந்த அணி என்று மட்டும் கேட்டார்களாம். தனக்குக் கிரிக்கெட்தான் என்று இவர் சொல்ல, அது கேள்விக்குப் பதில் இல்லை என்று பொறுமையாக விளக்கி, இவர் வாடகைக்கு இருந்த தெருவைக் கேட்டறிந்து, அந்தத் தெரு எந்த அணிக்கு உரியதோ அந்த அணியில் சேர்த்துவிட்டார்கள். மேன்முறையீட்டுக்கு இடமில்லை. ஒருமுறை சேர்ந்தால் சாகும்வரை மாறக்கூடாது; ஞானஸ்நானம் போலத்தான், தலையில் ஊற்றுவதை மட்டும் மெல்பேர்ண் மழை பார்த்துக்கொள்ளும். சித்தப்பா சேர்ந்ததால் அப்பா சேர்ந்தார், அப்பா சேர்ந்ததால் நாங்கள். அணியின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் விஷயம் தெரிந்தவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மிச்சப் பேர் அனுதாபம் தெரிவிப்பார்கள். இரண்டாவதை இந்த வயதில் என்னால் தாங்க முடியாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீள்வட்ட மைதானம், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம், உயர வருகிற பந்தைப் பிடிக்க எதிராளியின் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறலாம். ('அவன்ரை சம்மதத்தோடையோ ஏறுறவன்?' என்று அப்பா கேட்பார்.) நடு இரு கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஆறு புள்ளி. சற்றே விலகி நடுக்கம்பத்துக்கும் ஓரக்கம்பத்துக்கும் இடையே போனாலும், நடுக்கம்பத்திலேயே பட்டாலும் ஒரு புள்ளி. முனையில் நிற்கும் நடுவர், வைத்தியர்போல வெள்ளை அங்கியும் கூடவே ஒரு தொப்பியும் அணிந்தவர், ஆறுக்கு இரண்டு கொடிகளையும் ஒன்றுக்கு ஒரு கொடியையும் அசைப்பார். ஆனால் மைதான நடுவர் தடையில்லை என்று அறிவிக்கும்வரை அவர் கொடியைத் தொடக்கூடாது. இந்த ஒழுங்கைக் காதால் கேட்ட அன்றே எனக்கு அந்த ஆட்டத்தில் காதல் வந்துவிட்டது.

இவ்வளவும் தெரிந்த எங்களுக்குப் பந்தின் வடிவம் தெரியாது. சித்தப்பாவுக்குச் சொல்லத் தோன்றவில்லை, எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. பந்தென்றால் உருண்டைதானே. அது நிலத்தில் விழும்போதெல்லாம், எந்தப் பக்கம் துள்ளுமோ என்று வர்ணனையாளர் ஏன் அப்படிப் பதறுகிறார் என்பது மட்டும் விளங்காமலே இருந்தது.

அந்த ஒரு புள்ளியை எங்கள் வீட்டில் 'ஒற்றை' என்போம். அப்பாவுக்கு அதில் தனிப் பற்று. கணக்கியல் இறுதிப் பரீட்சையில் கொஞ்சத்தால், இன்னும் கொஞ்சத்தால் என்று பலமுறை தவறியவர் அவர். "பாத்தியே பிள்ளை, கிட்டப் போய்த் தவறினவனுக்கும் ஒண்டு குடுக்கிறாங்கள். வெள்ளைக்காரன் இந்த நல்ல பழக்கத்தை விளையாட்டோட நிப்பாட்டிப்போட்டான்" என்பார்.

அந்த வருடம் எங்கள் அணி, யாரும் எதிர்பாராமல், அதுவும் எதிர்பாராமல், வெல்லத் தொடங்கியது. சித்திரை மாதக் கசெற்றின் முடிவில் சித்தப்பா சொன்னார்: "அண்ணை, இந்த முறை கோப்பை எங்களுக்குத்தான். எடுத்தமெண்டால் மார்கழியில நத்தாருக்கு நான் லண்டன் வாறன். இல்லாட்டி இஞ்சையே கிடந்து அழுறன்." பின்னால் சித்தி, "இஞ்சாருங்கோ, சோறு ஆறுது" என்று கூப்பிட, 'டொக்'.

சித்தப்பா எதையும் பகிடியாகச் சொல்கிறவர். அப்பா எதையும் பகிடியாகக் கேட்காதவர். அடுத்த கிழமையே, பெட்டிகள் அடைந்து கிடந்த சின்னறையை ஒதுக்கினார். ஆடியில் அதன் சுவர்கள் மஞ்சளாயின. ஆவணியில் ஹை ரோட்டுப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு மடிப்புக் கட்டிலைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஏனென்று அம்மா கேட்டதற்கு, "சும்மா. மலிவாக் கிடந்தது" என்றார். அணி அரையிறுதியில் வென்ற செய்தி கேட்ட மறுநாள் கட்டிலுக்கு மெத்தை வந்தது. சும்மா கிடந்த மெத்தையாயிருக்கும்.

இறுதி ஆட்டம் புரட்டாதிக் கடைசியில். சித்தப்பா கசெற்றைச் சாவகாசமாகத் தபாலில் சேர்த்து அது எங்கள் கதவுக்கு வர மூன்று கிழமை ஆகும். அந்த மூன்று கிழமைக்கும் முடிவு எங்கள் காதில் விழக்கூடாது என்று நான் சட்டம் இயற்றினேன். லண்டன் பத்திரிகைகளுக்கு அப்படி ஓர் ஆட்டம் இருப்பதே தெரியாது. ஆபத்து மனிதர்களால்தான் வந்தது. ஞாயிறு பூசை முடிந்து தேவாலயப் படியிறங்கும்போது, எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் அவுஸ்திரேலிய நேர்ஸ் கையை வீசிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் அம்மா என்னை இழுத்துக்கொண்டு கோயிலுக்குள் திரும்ப ஓடினார். அவர் வாசலிலேயே நின்று கதைத்துக்கொண்டிருந்ததால், அடுத்த பூசையையும் முழுதாகக் கண்டுவிட்டுத்தான் வீடு திரும்பினோம்.

"சிரிச்சவவோ?" என்று கேட்டார் அப்பா.

"சிரிச்சவதான். ஆனா அவ எப்பவும் சிரிக்கிறவ."

"வெண்ட சிரிப்போ, பாவம் பாக்கிற சிரிப்போ?"

"ஐயோ, மனுசி பல்லைக் காட்டினா. நிண்டு எண்ணிக்கொண்டு வரச் சொல்லுறியளே?"

செவ்வாய்க்கிழமை அம்மா அந்தோனியாரின் சுரூபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். அப்பாவுக்கு இது கணக்கில் அடங்கவில்லை. "ஆட்டம் முடிஞ்சு ரெண்டு கிழமை. முடிஞ்ச ஆட்டத்துக்கு அந்தோனியார் இனி என்ன செய்யிறது? பந்தைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கிறதோ?" அம்மா கலங்கிப்போனார். நேரே பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். அவர் அயர்லாந்துக்காரர், தன் நாட்டு உதைபந்தாட்டத்துக்காகத் தானும் நிறைய மெழுகுதிரி கொளுத்தியவர்போலிருக்கிறது. "கடவுளிட்டைக் கலண்டர் இல்லையாம்" என்று அம்மா அறிவித்தார். "நான் இண்டைக்குக் கேக்கிறது அவருக்கு அண்டைக்கே கேட்டிருக்குமாம்."

"சாமியார் எந்த அணியாம்?" என்றார் அப்பா.

பிற்காலத்தில் நான் ஒரு கவுன்சிலின் கட்டட அனுமதிப் பகுதியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். மதிலைக் கட்டி முடித்துவிட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்கிறவர்கள்மேல் என் சக ஊழியர்கள் எரிந்து விழுவார்கள். பிந்திய விண்ணப்பத்துக்கும் முறையான வழி உண்டு, அதையும் மற்றவற்றைப்போலத் திறந்த மனதோடு பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லுகிறவள் நான் ஒருத்திதான். அதை எங்கே படித்தேன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இரண்டு கசெற்றுகள் வந்தன. சனிக்கிழமை பின்னேரம் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு மூவரும் அமர்ந்தோம். ஒவ்வொரு கால்பகுதி முடிவிலும் புள்ளிகள் முன்பின்னாக மாறிக்கொண்டே போயின. கடைசிப் பகுதியில் சித்தப்பாவின் குரல் வர்ணனையாளரை மூடிவிட்டது: "உதையடா! அங்காலை ஆள் நிக்கிறான், உதையடா மடையா!" மூன்று கிழமைக்கு முன்னால் உலகின் மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த அந்த மடையனைப் பார்த்து, ஸ்ட்ரெதமிலிருந்து அப்பாவும் எழுந்து நின்று, "உதையடா!" என்று கத்தினார். ஐந்து புள்ளி பின்னால் இருக்கையில் எங்கள் ஆள் ஒருவன் பந்தை உயரத் தாவிப் பிடித்தான். பிடித்த கையோடு ஆட்டம் முடியும் சங்கு ஊதியது. ஆனால் சங்குக்கு முன் பிடித்தவனுக்குச் சங்குக்குப் பின்னும் ஓர் உதை உண்டு, அது விதி. அம்மா செபமாலையை இறுக்கிப் பிடித்தார். ஆறு வந்தால் சித்தப்பா நத்தாருக்கு எங்கள் வீட்டில். அப்பாவின் கண் சின்னறை இருந்த மேல்மாடிப் பக்கம் போய் வந்தது.

பந்து கம்பத்தில் பட்டது. ஒற்றை.

மைதானத்தில் பாதி வெடித்தது, பாதி அணைந்தது. அந்தச் சத்தத்தை வேறெப்படிச் சொல்வதென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா றேடியோவை நிறுத்திவிட்டார் போலும். மழை மட்டும் கேட்டது. "இஞ்சாருங்கோ, தேத்தண்ணி போடட்டே?" என்று சித்தி மெல்லக் கேட்டார். கசெற் சும்மா சுழன்றது. அதை நிறுத்த நான் கை நீட்டியபோது, "விடு பிள்ளை" என்றார் அப்பா.

"அண்ணை," என்றது சித்தப்பாவின் குரல், தடிமன் பிடித்து மூக்கடைத்ததுபோல. "தோத்திட்டம்." மறுபடி மழை. "எண்டாலும் வாறன். டிக்கெட் ஆனியிலையே எடுத்தாச்சு. வெண்டால் ஆடிக்கொண்டு வருவம், தோத்தால் உங்கடை தோளில அழ வருவம் எண்டு நினைச்சனான். அந்தப் பரதேசி கம்பத்தில அடிப்பான் எண்டு ஆருக்குத் தெரியும்? மச்சாளுக்கு என்ன வேணுமெண்டு கேட்டுச் சொல்லுங்கோ, பெட்டியில இடமிருக்கு." 'டொக்'.

அப்பா எழுந்து மேலே போனார். மடிப்புக் கட்டிலின் கால்கள் 'கிறீச்' என்று விரியும் சத்தம் கேட்டது. நத்தாருக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று அவருக்கு நினைவூட்ட எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. நான் மட்டும், முறைப்பாட்டைப் பதிவு செய்யும் கடமையுணர்ச்சியோடு, அந்தோனியார் கைவிட்டுவிட்டாரே என்றேன்.

"ஆர் சொன்னது?" என்றார் அம்மா. "நான் கோப்பையே கேட்டனான்? விசர்ப்பிள்ளை. கோப்பைக்கு ஆராவது மெழுகுதிரி கொளுத்துவினமோ?"

சித்தப்பா மார்கழியில் வந்தார். விமான நிலையத்தில் சகோதரர்கள் எட்டு வருடத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, சிவந்த தோல் பந்தொன்றை அவர் என் கையில் வைத்தபோது, "இதென்ன, பப்பாப்பழம் மாதிரிக் கிடக்கு?" என்றார் அம்மா. இரண்டு வருடமாக வர்ணனையாளர் ஏன் பதறினார் என்பது எங்கள் மூவருக்கும் ஒரே கணத்தில் விளங்கியது. நத்தாருக்கு மறுநாள் ஸ்ட்ரெதம் கொமன் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்க, சித்தப்பா உதைத்தார், நான் ஓடினேன். கோட்டும் கழுத்துப்பட்டியுமாய் இரண்டு மரங்களுக்கிடையே நின்ற அப்பா, மரத்தில் பட்ட உதைகளுக்கெல்லாம் மிகுந்த கண்ணியத்தோடு ஒரு கைக்குட்டையை அசைத்தார். ஆறு விழுந்தால் அசைக்க இரண்டாவது கைக்குட்டையும் அவரிடம் இருந்தது.

அந்தக் கசெற்றுகள் இப்போது இல்லை. எந்தக் கசெற்றையும் நாங்கள் வைத்துக்கொண்டதில்லை. கேட்டு முடிந்ததும் அதன்மேலேயே எங்கள் குரல்களைப் பதிந்து திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். ஆகவே அந்த இறுதி ஆட்டத்தை, அம்மா மிளகாய்த்தூள் விலையைப் பற்றிப் பேசி அழித்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், ஸ்ட்ரெதம் வீடு கைமாறிவிட்டது, நான் இல்ஃபோர்டில் ஒரு மாடிவீட்டில் இருக்கிறேன். ஆட்டமும் மாறிவிட்டது. பெண்களும் ஆடுகிறார்கள், அதை முதன்முதலாகப் பார்த்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. கொடி நடுவரின் தீர்ப்பை இப்போது கமெரா மறுபரிசீலனை செய்கிறது. மேன்முறையீட்டு நடைமுறைகளிலேயே வாழ்நாளைக் கழித்த நான் இதை வரவேற்க வேண்டும், வரவேற்கவில்லை. எங்கள் அணி வழமைபோல இருக்கிறது.

முடிவு தெரியாத அந்த மூன்று கிழமைதான் இல்லாமற் போயிற்று. இன்று சனிக்கிழமை விடிய எழும்பி, தேத்தண்ணியோடு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால், மெல்பேர்ண் மைதானம் என் மேசைக்கு வந்துவிடுகிறது. ஆனால் முழுதாக உடனே அல்ல. படம் கடல்களைக் கடந்து வர ஏறக்குறைய அரை நிமிடம் பிந்துகிறது. எண்பது வயதைக் கடந்த சித்தப்பாவுக்கு அந்த அரை நிமிடம் பொறுக்க முடிவதில்லை. என் திரையில் பந்து காலை விட்டுக் கிளம்புமுன்னமே, விழுந்ததா தவறியதா என்று கைபேசிக்குச் செய்தி அனுப்பிவிடுவார். அனுப்ப வேண்டாம் என்று எழுத்து மூலமாகவே அறிவித்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஆகவே ஆட்டம் தொடங்கும்போது கரண்டி லாச்சியை இழுத்து, கைபேசியை உள்ளே போட்டு மூடிவிடுகிறேன். எங்கள் ஆள் ஒருவன் உதைக்கக் குறிபார்த்து நிற்பான். லாச்சிக்குள் கைபேசி அதிர்ந்து கரண்டிகள் கிலுகிலுக்கும். அங்கே முடிந்துவிட்டது, இங்கே இன்னும் இல்லை. நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறேன். பிந்திய விண்ணப்பம்தான். ஆனால் அதைப் போட்டு முடிக்குமுன்பே, உலகின் மறுமுனையில் ஒரு கிழவர் இந்த வருடமும் எழும்பி நின்று கத்திக்கொண்டிருக்கிறார் என்பது கரண்டிகளின் சத்தத்தில் எனக்குத் தெரிந்துவிடுகிறது. ஆறா, ஒற்றையா என்பது தானாக வந்து சேரட்டும்.