டெல்லியில் உளுவை எண்ணியவள்

மீனைப் பிடிப்பதைவிட, பிடித்த மீன் எந்த இனம் என்று சொல்வதுதான் பெரும்பாடு. லென்ஸில் கண்ணைப் பதித்துச் சம்பளம் வாங்கும் சக தொழிலாளிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் டெல்லியில் ஒரு மீன் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். ஸ்பிரிட் ஜாடிகளில் வந்து சேரும் விரல் நீள உளுவை மீன்களை இனம் பிரிப்பது என் வேலை.

குழம்புக்கு ஆகாதது

நான் குடியிருந்த மயூர் விஹாரில் பக்கத்து ஃபிளாட் ஜெசிந்தா அக்கா ஒரு நர்ஸ், நாகப்பட்டினத்துக்காரர். உளுவையின் வயிற்றுத் துடுப்புகள் ஒட்டிக் கிண்ணம் மாதிரி இருப்பதையும், எந்த அலையிலும் அதனால் பாறையைப் பற்றிக்கொள்வதையும் அவரிடம் ஆசையாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க ஊர்ல பூனைக்குப் போடுற மீனும்மா அது. அதை எண்ணவா டெல்லி வரைக்கும் வந்தே?"

இரண்டு தடவை

எங்கள் தலைவர் மல்ஹோத்ரா மேடம் பஞ்சாபி, சுத்த சைவம். ஆனால் பார்த்ததுமே உளுவையின் பெயரைச் சொல்லிவிடுவார். அப்படியும் இனத்தை உறுதிசெய்ய, துடுப்பைத் தாங்கும் முள் போன்ற கதிர்களை நான் எண்ணிய பிறகு, தானும் எண்ணுவார். என் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டேவிட்டேன். இந்தியில் சொன்னார்: "நீ தூத்துக்குடிக்காரி. நான் கடலைப் பார்த்ததே இல்லை. எனக்கு எண்ணிக்கைதானே கடல்?"

ராமேஸ்வரத்து ஜாடி

தூத்துக்குடியிலிருந்து வந்த உளுவை ஒன்றில், அதைப் போன்ற பழைய இனத்துக்கு உள்ள கன்னப் புள்ளிகள் இல்லை. கதிரும் ஒன்று கூடுதல். புது இனம் என்று மேடம் கட்டுரை எழுதி அனுப்பிவிட்டார். ஓய்வு பெற நான்கு மாதம். அவர் பெயர் வைக்கும் ஒரே மீன் அது.

அப்போதுதான் ராமேஸ்வரத்து ஜாடி வந்தது. கடலோரத்தில் ஒரே பாறைக் குட்டையில் பிடித்த மீன்கள். புள்ளி உள்ளது, இல்லாதது, பாதி அழிந்தது, கதிர் கூடியது, குறைந்தது எல்லாம் கலந்திருந்தன. அத்தனையும் ஒரே பழைய இனம்; மேடத்தின் புது மீனும் அதுதான். ஜாடியை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மதியம்வரை தாங்கவில்லை, கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன்.

சாயங்காலம்வரை எண்ணினார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டார். அவர் நிமிர்ந்து, "அச்சா, இந்த மீனை இப்பத்தான் சரியாத் தெரிஞ்சுக்கிட்டோம். டீக்கடை பையாகிட்ட ரெண்டு சாய் சொல்லு" என்றார்.

அத்தனை வருஷத்தில் நாங்கள் புதுப்பெயர் வைத்த உளுவை ஒன்றுகூட இல்லை என்பதைத்தான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.