ஒத்தப்படை கருணாகரன்

தண்டையார்பேட்டையில் கருணாகரன் கடை எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள். ஒத்தப்படைக்காரர் கடை என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவார்கள்.

மனிதர் அப்படி. எதைத் தொட்டாலும் எண்ணிக்கை ஒற்றையில் முடியவேண்டும். கடையில் இரண்டு பேர் இருந்தால் மூன்று டீ வரும். மூன்றாவதையும் அவரே குடித்துவிட்டு நெஞ்சு எரிகிறது என்று புலம்புவார். கடையில் செய்கிற பெட்டியின் மூடிக்கு மூலைக்கு ஒன்றாக நாலு ஸ்க்ரூ போதும் என்று உலகமே ஒத்துக்கொண்டாகிவிட்டது. இவர் பெட்டிக்கு மட்டும் நட்ட நடுவில் அஞ்சாவதாக ஒன்று, எதையும் பிடிக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும். வாலிபத்தில் ஒரு தோஸ்தோடு கூட்டுச் சேர்ந்து ரேடியோ கடை போட்டாராம். அந்தத் தோஸ்து ஒருநாள் சாமான் செட்டோடு கம்பி நீட்டிவிட்டான். அன்றைக்குப் பிடித்தது இது.

"ரெட்டைன்னா ரெண்டா பிச்சிக்கினு பூடும் கண்ணு. ஒத்தப்படைன்னா நடுவுல ஒண்ணு நின்னு புடிச்சிக்கும்" என்பார். என்ன சொல்லி என்ன, கேட்கிற ஆளா?

இந்த மகானிடம்தான் செங்கொடி வேலைக்குச் சேர்ந்தாள். புளியந்தோப்புப் பெண், பாலிடெக்னிக் படிப்பு, வாய் கொஞ்சம் நீளம். முதல் நாளே, "சம்பளமும் ஒத்தப்படைதானா நைனா?" என்று கேட்டாள். கருணாகரன் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அவள் அவருக்குப் பெறாத மகள்.

இருவரும் செய்தது காவல் பெட்டி. காசிமேட்டில் மீனைப் போட்டுவைக்கிற குளிர் அறைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே குளிர் குறைந்தால் மணியடித்துக் கூப்பிடும். உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் ஓடுவது லினக்ஸ், உலகமெல்லாம் யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்தது. அதன் அடியில் கிடந்து மொத்தத்தையும் ஓட்டுகிற பாகத்துக்குக் கெர்னல் என்று பெயர். அந்தக் கெர்னலுக்கு அப்போது ஒரு வழக்கம் இருந்தது. இரண்டாவது எண் ரெட்டைப்படை என்றால், 2.4 மாதிரி, அது புழக்கத்துக்கு. கோளாறு, ஓட்டை தெரிந்தால் வருஷக்கணக்கில் அடைத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஒற்றைப்படை என்றால், 2.5 மாதிரி, அது சோதனைக்கு. நேற்று கட்டியதை இன்று இடிப்பார்கள்.

இதுவா நம்ம கருணாகரனுக்கு வாய்க்கவேண்டும்!

அது இரண்டாயிரத்து மூன்று. மீன் வியாபாரி மஜீது பாயின் குளிர் அறைக்குப் புதுப் பெட்டி தயாராகிக்கொண்டிருந்தது. செங்கொடிக்கும் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை நிலவனுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. வைகாசி பிறந்தால் அவள் அங்கே. மனசெல்லாம் ஒரே கவலைதான். நைனாவுக்குக் கீபோர்டென்றாலே ஆகாது. பெட்டி படுத்துக்கொண்டால் யார் எழுப்புவது? பெரிய வாடிக்கையான மஜீது பாய் கைவிட்டால் கடையை மூடவேண்டியதுதான். அதனால் வருஷக்கணக்கில் கவனிப்பு உள்ள 2.4 என்று முடிவு செய்திருந்தாள்.

"நாலா?" கருணாகரன் முகம் சுருங்கியது. "அஞ்சு கீதுன்னு சொன்னியே, அத்த போடு."

"நைனா, அஞ்சு அவுங்களே இன்னும் நோண்டிக்கினு கீறாங்க. நாலுதான் தாங்கும்."

"நாலு பிச்சிக்கினு பூடும். நீயும் ஊருக்குப் போற. பொட்டியாவது நல்ல நம்பர்ல இருக்கட்டுமே."

சொல்லிவிட்டுச் சோற்றைத் தொடாமல் டப்பாவை மூடிவைத்தார். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். இதற்கு என்ன செய்வது? செங்கொடிக்கு மனசு கேட்கவில்லை. வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே 2.5ஐப் போட்டாள்.

நிச்சயதார்த்தத்தன்று பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. "பொட்டி படுத்துகிச்சி கண்ணு. நீ வராத. சும்மா சொன்னேன்." சும்மா சொல்வதற்கா ஒருத்தர் அழுகிற குரலில் போன் போடுவார்? செங்கொடி பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாப்பிள்ளையையே பைக்கை எடுக்கச் சொன்னாள். அம்மா ரமாபாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

குளிர் மெஷின் நின்றுபோய், அறை வாசல் முழுக்கத் தண்ணீர். கம்ப்யூட்டர் திரை உறைந்துபோய்க் கிடந்தது, மணி அடிக்கவே இல்லை. கருணாகரன் வேட்டி நனைய நனைய ஐஸ் பாளங்களைத் தோளில் சுமந்து மீன் கூடைகளில் கொட்டிக்கொண்டிருந்தார். முக்கால்வாசி மீன் தப்பிவிட்டது. ஆனாலும் மஜீது பாய் குதித்தார்.

"காவலுக்குன்னு வெச்ச பொட்டி தூங்குது, வஞ்சிரம் நாறுது! இன்னொரு வாட்டி தூங்குச்சி, தூக்கிக் கடல்ல போட்ருவேன். ஒங்க சங்காத்தமே வேணாம்!"

செங்கொடி பெட்டி முன்னால் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த சிடியைச் செருகினாள். கருணாகரன் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா நம்பரு?"

"ரெண்டு, நாலு, இருவது."

"ஒண்ணுகூடவா ஒத்தப்படை இல்ல?" அவர் கேட்ட தினுசில் நிலவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. செங்கொடிக்கு வரவில்லை.

"பத்தொம்போது கீது. ஆனா அதுல இருந்த ஓட்டைய இருவதுலதான் அடைச்சிகிறாங்க."

"யாரு அடைச்சது?"

"யாருக்குத் தெரியும்? எந்த ஊர்லயோ குந்திக்கினு எவனோ அடைக்கிறான். ஆனா இத்த உட்டுட்டுப் போமாட்டாங்க. அவுங்க அடைக்க அடைக்க நான் தூத்துக்குடிலேர்ந்து சிடி போட்டு அனுப்பறேன். நீ சொருகி ஆன் பண்ணு, போதும்."

"இருந்தாலும் ரெட்டைப்படை..."

அவ்வளவுதான், செங்கொடிக்கு வந்ததே கோபம். பட்டுப்புடவையோடு திரும்பினாள். "நைனா, இத்தினி வருசமா இந்தக் கடைய யாரு ஓட்னது? நீயும் நானும். எத்தினி பேரு? ரெண்டு. பிச்சிக்கினா பூட்ச்சி?"

கருணாகரன் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஐஸ் தண்ணீரா வேறா என்று யார் கண்டது. "இருவதே போடு" என்றார்.

வைகாசி வந்தது. வியாசர்பாடியில் கல்யாண மண்டபம், கூட்டமான கூட்டம். கடைசி ஒரு மாசம் செங்கொடி கடைக்கே போகவில்லை, கருணாகரனும் ஒரு போன்கூடப் போடவில்லை. மஜீது பாய் நிஜமாகவே கைவிட்டுவிட்டாரோ? சலவைச் சட்டையில் கருணாகரன் மேடையேறியதும், மாலையும் கழுத்துமாக அவள் கேட்ட முதல் கேள்வியே, "நைனா, பொட்டி?"

"தூங்கவே இல்ல கண்ணு. பாய் இன்னும் ரெண்டு கேட்டுகிறாரு."

"நீ மூணுன்னு சொல்லிருப்பியே?"

"ரெண்டுதான். நானே சிடி சொருகிக் காட்டினேன்." பெருமை தாங்காமல் மொய்க் கவரை அவள் கையில் திணித்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

சாப்பாடெல்லாம் முடிந்து ரமாபாய் மொய்க் கவர்களைப் பிரித்தாள். எல்லாக் கவரிலும் மேலே ஒரு ரூபாய் காசு ஒட்டியிருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை.

"இன்னாடி கூத்து! ஒங்க நைனா காசு ஒட்டாம குடுத்துகிறாரு. ஒத்தப்படை ஒத்தப்படைன்னு உயிர உடற மனுசன், மறந்துட்டாரா?"

செங்கொடி கவரை வாங்கிப் பார்த்தாள். உள்ளே இரண்டாயிரத்து நானூறு. திரும்ப எண்ணினாள். ரெண்டு, நாலு. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண் முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு ரூபாயைத் தேடி எடுத்தாள். "இந்தா, மொய்க் காசு, இத்தச் சேத்து வெச்சிடு."

செங்கொடி கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. இதுவே தாங்கும்."