தாய்மாமனுக்குச் சொல்லாமல் போட இருந்த ஊசி

நான் அதிகம் பேசாதவன். பேசியே ஆகவேண்டிய இடத்தில்கூடத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்டவனுக்குப் பிழைப்பு அமைந்தது சிம்மக்கல்லில் பிளக்ஸ் அடிக்கும் கடையில். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கம்ப்யூட்டரில் படம் வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டு, ஊர்க்காரர்கள் சத்தம் போட்டுச் சொல்ல விரும்புவதையெல்லாம் ஆளுயர எழுத்தில் அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை வழியாகத்தான் சந்திக்கு வருகின்றன.

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பிளக்ஸில் எழுத்துப் பிழை வந்தால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. ‘கண்ணீர்’ என்பதில் ஒருமுறை ஓர் எழுத்தை விழுங்கிவிட்டேன். அந்த வீட்டார் அதைக் கட்டி, அதன் கீழேயே நின்று அழுதுவிட்டுப் போனார்கள். ஆனால் பெரியப்பா படத்தைவிடச் சித்தப்பா படம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டால் போதும், கடை வாசலில் கூட்டம் கூடிவிடும்.

என் மகள் வயதுக்கு வந்தபோது பிளக்ஸ் வைத்தது அவளுடைய தாய்மாமன். என் மனைவிக்கு அண்ணன், அலங்காநல்லூர் பக்கம் விவசாயம், ஜல்லிக்கட்டுக்கு ஒரு காளையும் வளர்க்கிறார். விளாங்குடியில் எங்கள் தெருமுனையில் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்று, மண்டபத்து வாசலில் ஒன்று. மூன்றையும் அடித்தவன் நான்தான். நடுவில் கிரீடம் வைத்த என் மகள், மேலே கூலிங்கிளாஸோடு தாய்மாமன், கீழே மூலையில் காளை. காளையின் படம் என் படத்தைவிடப் பெரியது. மச்சான் கொடுத்த அளவு அது. அதே அளவில் அடித்தேன். மகள்தான், பள்ளிக்கூட வேன் அந்த பஸ் நிறுத்தத்தைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். வெயிலில் சாயம் போய், யாரோ கூரைக்குப் போட அதை அறுத்துக்கொண்டு போகும்வரை கட்டினாள்.

அடுத்த வருடம் அவளுக்கு வந்த ஒரு காய்ச்சலுக்கு நாங்கள் வழக்கமாகப் போகும் லேடி டாக்டரிடம் போனோம். மருந்து எழுதிவிட்டு, “பாப்பாவுக்கு ஹெச்.பி.வி. ஊசி போட்டாச்சா? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராம இருக்க இந்த வயசுலயே போட்டுக்கறது நல்லது” என்றார். நான் உடனே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். “குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருந்துச்சா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். “இல்ல” என்று நானும் என் மனைவியும் ஒரே குரலில் சொன்னோம். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சீட்டை வாங்க எழுந்த என் மனைவி மறுபடி உட்கார்ந்து, “எங்கக்காவுக்கு இருந்துச்சு டாக்டர். இதேதான்” என்றாள்.

அவள் அக்கா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ரத்தப்போக்கு நிற்காமல், நாற்றம் தாளாமல், தன் அறைக்குள் யாரையும் விடாமல் கிடந்து போனவர். எங்கள் இரண்டு வீட்டிலும் அதற்கு ‘வயித்துக் கட்டி’ என்றுதான் பெயர். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸும் நான்தான் அடித்தேன். அதற்கும் மச்சான் பெரிய படம் கொடுத்திருந்தார்.

டாக்டர் அதிர்ச்சி அடையவில்லை. இது ரத்த வழியாகக் குடும்பத்தில் வருகிற நோய் இல்லை, ஒரு கிருமியால் வருவது, யாருக்கும் வரலாம், முன்கூட்டியே தடுப்பூசி போட்டால் பெருமளவு தடுக்கலாம் என்றார். வெளியே வந்ததும் என் மனைவி, “எங்கக்கா பட்டது எம்புள்ளைக்கு வரக் கூடாது. போட்டுருவோம். யார்கிட்டயும் சொல்ல வேணாம்” என்றாள். நான் தலையை ஆட்டினேன். யாரிடமும் சொல்லாமல் இருப்பது எனக்குக் கைவந்த வேலை.

டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்த ஊசி கிடைக்குமா என்று கேட்க, கடைக்குப் பக்கத்திலேயே இருந்த மொத்த மருந்துக்கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். வாயால் கேட்காமல் சீட்டை மட்டும் நீட்டினேன். கல்லாவில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, உள்ளே பிரிட்ஜ் பக்கம் நின்றவருக்குக் கேட்கும்படி கத்தினார்.

“கர்ப்பப்பை வாய் கேன்சர் ஊசி இருக்காண்ணே?” பிறகு என் பக்கம் திரும்பி, “யாருக்குண்ணே, வீட்டம்மாவுக்கா, பொண்ணுக்கா?”

“பொண்ணு” என்று என் சட்டைப் பொத்தானுக்குச் சொன்னேன்.

“சொல்லி வச்சா நாளைக்கு வந்துரும். ஐஸ் வச்சுத்தான் கொண்டுபோகணும், கையில பிடிச்சுட்டுப் போயிராதீக!”

திரும்பினால் பின்னால் மச்சான் ஊர் மாட்டுத் தரகர் இருமல் மருந்தோடு நிற்கிறார். “என்ன மாப்ள, சௌக்கியமா?” என்றார். நான் தலையை ஆட்டினேன். என்றைக்கும் இல்லாத அக்கறையோடு என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

அன்று பொழுது சாய்வதற்குள் எங்கள் சொந்தக்கார வாட்ஸப் குரூப்பில் ஊசி இறங்க ஆரம்பித்தது. அந்தக் குரூப்பில் அதுவரை காலை வணக்கம் ரோஜாப்பூவும் காளைப் படமும்தான் வரும். இப்போது மச்சான் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினார். இந்த ஊசி போட்டால் குழந்தை நிற்காது என்று யாரோ ஒருவர் காருக்குள் உட்கார்ந்து பேசும் வீடியோ. பெண் பிள்ளைகளுக்கு மீசை முளைக்கும் என்று ஒரு பெண் குரல். இது வெளிநாட்டுச் சதி என்று பின்னணி இசையோடு ஒன்று. அவருடைய மனைவி, தூதுவளைத் துவையல் சாப்பிட்டால் எந்தக் கேன்சரும் அண்டாது என்று செய்முறை அனுப்பினார். அதில் உப்பு எவ்வளவு என்று மூன்று பேர் சந்தேகம் கேட்டிருந்தார்கள்.

என் மனைவி என் போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“குழந்தை நிக்காதுன்னு போட்டுருக்காக. அதுக்குக் கும்புடு போட்டுருக்கீக?”

குரூப்பில் எது வந்தாலும் கும்பிடு போடுவது என் வழக்கம். பிறந்தநாளுக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். யார் மனதும் நோகாது என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானும் அவர் மனைவியும் நேரில் வந்துவிட்டார்கள். மகளை உள் அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார் மச்சான். கதவைச் சாத்தினாளே தவிர, அவள் அதை ஒட்டித்தான் நிற்கிறாள் என்பது அடியில் தெரிந்த நிழலில் எனக்குத் தெரிந்தது.

“என்ன தாயி, புள்ளைக்கு என்னமோ ஊசியாம்ல?” என்றார் தங்கையிடம்.

“ஆமாண்ணே. தடுப்பூசி.”

“வயசுப் புள்ளைக்கு அந்த எடத்துக்கான ஊசின்னா ஊரு என்ன நெனைக்கும்? இப்பவே எதுக்கு இதுன்னு கேப்பான்ல? நாளைக்கு ஒரு நல்ல எடத்துல பொண்ணு கேட்டு வருவானா?”

“கையிலதான்ணே போடுவாக.” என் மனைவி குரலை உயர்த்தவில்லை. “எம்மக வயசுக்கு வந்துட்டான்னு பஸ் ஸ்டாப்புல போர்டு வச்சீகளே, அப்ப ஊரு என்ன நெனச்சுச்சாம்?”

“அது சம்பிரதாயம்டி!”

“காளைக்குக் கோமாரி ஊசி போட வருசா வருசம் மொத ஆளா ஓட்டிட்டுப் போறீகள்ல. அப்ப எந்த வீடியோவப் பாத்தீக? காளைக்கு மீசை மொளைக்குதான்னு யாரும் கேட்டாகளா?”

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு உடனே நின்றது. மச்சான் மனைவி, “மாட்டையும் மனுசியையும் ஒண்ணாப் பேசுறியே” என்று சலித்துக்கொண்டார்.

“மாட்டுக்குக் குடுக்குற அக்கறையத்தான் மதினி கேக்குறேன். எங்கக்கா எப்படிச் செத்தான்னு இவருக்குத் தெரியாதா?”

அந்தப் பேச்சு வந்ததும் மச்சான் சட்டென்று எழுந்துவிட்டார். வேட்டியை உதறிக் கட்டினார். காபியைத் தொடவில்லை.

“வேணாம் தாயி. நான் யாரு இதுல? நீங்களே முடிவு பண்ணுனீக, நீங்களே போடுங்க. தாய்மாமன்னு ஒருத்தன் இருக்கான், அவனுக்கு இருமல் மருந்து வாங்கப்போன தரகன் சொல்லித்தான் வெசயம் தெரியுது. அம்புட்டுத்தான் நம்ம மருவாதி.”

அவர்கள் பைக் தெருமுனையைத் தாண்டும்வரை என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வந்து, “அவர மீறிப் போட்டா காலத்துக்கும் பேச்சுவார்த்த இருக்காது. போடாம விட்டா நான் தூங்க மாட்டேன்” என்றாள். அழவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

எனக்கு அப்போது கடை ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் குழந்தை, மீசை, சதி என்று வந்ததெல்லாம் எழுத்துப் பிழை. மச்சானுடைய சண்டை அதற்கு இல்லை. அவர் படம் மூலைக்குப் போய்விட்டது, அதற்குத்தான்.

“அழைப்பு வைப்போம்” என்றேன்.

“எதுக்கு?”

“ஊசிக்கு.”

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் வாயைத் திறந்ததே இதற்குத்தானா என்பது இருந்தது. “காய்ச்ச ஊசி, நாய்க்கடி ஊசி, எல்லாத்துக்கும் இனிமே வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடணுமா? எம்புள்ளைக்கு மருந்து போட நான் தட்டு தூக்கணுமா?” என்று படபடத்தாள். பிறகு அவளே பரணிலிருந்து சடங்குத் தட்டை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள். தேய்த்த வேகத்தில் தட்டு பளபளத்தது.

வெற்றிலை பாக்கு, பழம், பூ, மஞ்சள் கிழங்கு. டவுன் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனோம். பக்கத்து சீட்டு அம்மா, “என்ன விசேசம்?” என்று கேட்டார். என் மனைவி, “மக விசேசம்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மச்சான் காளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு, உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். என் மனைவி தட்டை நீட்டி, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

“வர்ற வெள்ளிக்கெழம சாயங்காலம் ஒங்க மருமகளுக்கு ஊசி போடுறோம்ணே. தாய்மாமன் நீங்கதான் முன்னால நின்னு நடத்திக் குடுக்கணும்.”

மச்சான் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி வாங்கினார். “நல்ல நேரம் பாத்தாச்சா?”

“ஆறு மணிக்கு மேல டாக்டரம்மா இருப்பாக” என்றேன்.

“அப்ப சரி.”

அவர் மனைவி தயங்கி, “மீசை மொளைக்கும்னாகளே?” என்றார்.

“ஏ, வாட்ஸப்ல வேலையத்தவன் ஆயிரம் போடுவான். அதையெல்லாம் நம்பிக்கிட்டு!” என்று அதட்டினார் மச்சான். இத்தனைக்கும் போட்டவர் அவர்தான்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். பட்டுக்கரை வேட்டி, மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள். ஆளுக்கொரு தட்டு. பாவாடை தாவணி, வளையல், ஆப்பிள், ஸ்வீட் பெட்டி. சளிக்கும் இருமலுக்கும் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். நர்ஸ், “இங்க மண்டபம் எதுவும் இல்லீங்களே” என்றார். என் மகள் என் சட்டைக் கையை இழுத்தாள்.

“அப்பா, உண்மையச் சொல்லு. போர்டு அடிக்கலைல?”

“இல்ல.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தாள். காதுகுத்தில் உட்கார்ந்ததுபோலத் தன் மடியில் உட்காரச் சொல்லி மச்சான் ஸ்டூலில் சம்மணமிடப் பார்த்தார். “மாமா, நான் எட்டாவது படிக்கிறேன்” என்றாள் அவள். கையைப் பிடித்துக்கொள்ள மட்டும் விட்டாள். ஊசி இறங்கும்போது அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டது மாமன்தான். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. ஒட்டுப் போட்டு முடித்ததும் டாக்டர், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்றார், அவளிடம் அல்ல, அவரிடம்.

அவர் எழுந்திருக்கவில்லை. “டாக்டரம்மா, எங்கக்காவுக்குக் கர்ப்பப்பை வாயில கேன்சர் வந்துதான் செத்தா” என்றார். முழுசாகச் சொன்னார். எங்கள் இரண்டு வீட்டு ஆண்கள் யாரும் அதுவரை அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்ப இந்த ஊசி இல்லையா?” என்று கேட்டார் மச்சான்.

“இருந்தாலும் சின்ன வயசுல போட்டிருக்கணும்” என்றார் டாக்டர் மெதுவாக.

மச்சான் தன் மகளைப் பார்த்தார். “அப்ப இதுக்கும் போட்டுருங்க. இன்னைக்கே.”

வாசல் பக்கம் நின்ற அவர் மனைவி ஓரடி முன்னால் வந்தார்.

“அதெப்படி? எங்கண்ணனுக்கு ஒரு வார்த்த சொல்லாமயா? எம்மகளுக்கு அவருதான தாய்மாமன்?”

அறையில் எல்லோரும் மச்சானைப் பார்த்தோம். அவர் போனை எடுத்து மனைவியிடம் நீட்டினார். என் மகள் சிரிப்பை அடக்க ஒட்டுப் போட்ட கையையே பிடித்துக்கொண்டு, வலித்து, அதற்கும் சிரித்தாள்.

மறுநாள் கடையில் இருந்தபோது மச்சான் போன் செய்தார்.

“மாப்ள, எங்க மச்சினன் வாட்ஸப்ல என்னென்னமோ அனுப்புறான். குழந்த நிக்காதாம், மீசையாம். கூறுகெட்ட பய. நாளைக்கு அவன் ஊருக்குப் போறோம், நீங்களும் வாங்க. எப்புடிப் பேசணும்னு ஒங்களுக்குத்தான் தெரியும்.”

நான் போனுக்குத் தலையை ஆட்டினேன். பிறகுதான் அது அவருக்குத் தெரியாதே என்று நினைவு வந்து, “வாரேன் மச்சான்” என்றேன். வீட்டுக்குப் போனால் என் மனைவி தட்டைப் பரணில் ஏற்றாமல் கழுவித் துடைத்து வாசலை ஒட்டியே சாத்தி வைத்திருந்தாள்.